ஜுனூனும் மனநோயும்: பெயரிடலின் வரலாறு

அரபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் மூன்று எழுத்துகளும் சேர்ந்து நிற்கும் இடமெல்லாம் மறைத்தல் என்னும் பொருள் இழையோடக் காணலாம். கண்ணுக்குப் புலப்படாத படைப்பு ஜின். தாயின் கருவறையில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். போர்வீரனை மறைத்துக் காக்கும் கேடயம் ஜுன்னா. மரங்களின் அடர்த்தியால் நிலம் மறைந்த சோலை ஜன்னத். அறிவின் மீது திரை விழுந்த நிலை ஜுனூன்; அந்நிலைக்கு ஆளானவர் மஜ்னூன். அறிவு அழிந்துவிட்டதாக அரபு மொழி கூறவில்லை, மறைந்திருப்பதாகவே கூறுகிறது. நம் தமிழில் வழங்கும் 'பைத்தியம்' என்னும் சொல் வேறொரு பாதையில் வந்தது. பித்தத்தின் மிகுதியால் உண்டாகும் நோய் என்பதே அதன் மூலப்பொருள். கிரேக்கர்கள் கருமையான பித்தம் என்னும் பொருளில் 'மெலங்கோலியா' என்றார்கள். அதுவே அரபுக்கு வந்து 'மாலிகூலியா' ஆயிற்று. ஒரு சொல் மறைவைப் பேசுகிறது. மற்றவை உடலின் நீரைப் பேசுகின்றன.

மொழியறிஞர் அபூ மன்ஸூர் ஸஆலிபி (மறைவு ஹி. 429 / கி.பி. 1038) தமது 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூலில் அறிவுத் திரிபுக்குப் படிகள் வகுத்திருக்கிறார். மிக இலேசான கோளாறு உடையவர் முவஸ்வஸ். அது சற்றுக் கூடினால், ஜின் தோற்றம் அளிக்கப்பெற்றவர் எனப்படுவார். மேலும் கூடினால் மம்ரூர், அதாவது பித்தம் மேலோங்கியவர். தீண்டலுக்கு ஆளானவர் மம்ஸூஸ். அந்நிலை நீடித்துவிட்டால் மஃதூஹ். யாவும் முற்றியவரையே மஜ்னூன் என்று சொல்ல வேண்டும் என்கிறார். இது மருத்துவரின் பட்டியலன்று. ஜின்னும் பித்தமும் ஒரே ஏணியில் அடுத்தடுத்து நிற்கின்றன. மக்கள் பேச்சில் வழங்கிய சொற்களை அவர் தொகுத்து வரிசைப்படுத்தினார். ஆயினும் ஒன்றை நாம் கவனிக்கத் தவறக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்காடியில் நடமாடிய சாமானிய அரபியரிடம்கூட இத்தனை சொற்கள் இருந்தன.

இன்று நம் மஹல்லாக்களில் இரண்டே சொற்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று பைத்தியம், மற்றொன்று ஜின். பிள்ளை பெற்ற பத்தாம் நாளில் காரணமின்றி அழும் இளம்பெண்ணும், வுளூச் செய்வதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் இளைஞரும், காதில் குரல்கள் ஒலிப்பதாகக் கூறும் மாணவரும், மறதியால் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும் முதியவரும் இவ்விரண்டில் ஒன்றுக்குள் தள்ளப்படுகிறார்கள். அதன் பின் திருமணம், தலாக், சொத்து, சாட்சியம், மருத்துவம் ஆகிய எல்லா வினாக்களுக்கும் அந்த ஒரே சொல்லைக்கொண்டு விடை காண முற்படுகிறோம். 

மனநோய்களை வகைப்படுத்துவோர் எல்லாரும் ஒரே வினாவைக் கேட்பதில்லை. எப்படிக் குணப்படுத்துவது என்று மருத்துவர் கேட்கிறார். இவர் செயலுக்கு இவரே பொறுப்பாளரா என்று ஃபகீஹ் கேட்கிறார். இத்தகையோர் எத்தனை பேர், இவர்களை எங்கே வைப்பது என்று அரசு கேட்கிறது. ஒருவருடைய வினாவுக்குக் கிடைத்த விடையை மற்றொருவருடைய வினாவுக்குப் பொருத்தும்போதுதான் தீங்கு விளைகிறது. வரலாற்றில் இது எவ்வாறு நிகழ்ந்தது, நம் முன்னோர் இவ்வினாக்களை எந்த அளவுக்குப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

ஃபகீஹின் அளவுகோல்

உறங்குபவர், பருவமடையாதவர், அறிவு மறைந்தவர் ஆகிய மூவரின் செயல்களும் பதியப்படுவதில்லை என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். உறக்கத்துக்கு விழிப்பும் குழந்தைமைக்குப் பருவமும் எல்லைகளாக இருப்பதுபோல், மூன்றாமவருக்கும் அறிவு தெளியும் வரை என்ற எல்லை அதிலேயே உண்டு. மாஇஸ் (ரலி) அவர்கள் தம் குற்றத்தைத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புக்கு முன் அவருக்கு ஜுனூன் உண்டா என்று வினவினார்கள். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்த பிறகும் அறிவு நிலையை விசாரிக்கும் இம்மரபிலிருந்தே ஃபிக்ஹின் நுட்பமான பிரிவுகள் கிளைத்தன.

ஹனஃபி உஸூல் அறிஞர்கள் மனிதரின் சட்டத் தகுதியைப் பாதிக்கும் நிலைகளை 'அவாரிள்' என்னும் தலைப்பில் இரண்டாகப் பிரித்தார்கள். மனிதரின் கையில் இல்லாதவை ஒருவகை. அவர் தாமே வரவழைத்துக்கொண்டவை மறுவகை. ஜுனூன், அதஹ் எனப்படும் மந்தநிலை, மறதி, உறக்கம், மயக்கம் ஆகியவை முதல் வகையில் தனித்தனியே இடம்பெறுகின்றன. போதை, அறியாமை, விளையாட்டுப் பேச்சு, ஸஃபஹ் எனப்படும் ஊதாரித்தனம் ஆகியவை இரண்டாம் வகை. ஊதாரித்தனம் இங்கே வைக்கப்பட்டிருப்பது தற்செயலானதன்று. ஊதாரியின் அறிவு குறைவுபடவில்லை, நடத்தைதான் பிறழ்ந்திருக்கிறது. அவரது கொடுக்கல் வாங்கலைத் தடைசெய்யலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்களுடைய மாணவர் இருவரும் வேறுபட்டார்கள். பருவமடைந்த சுதந்திரமான மனிதரின் உரிமையை அவ்வளவு எளிதில் பறிக்க முடியாது என்பதே இமாம் அவர்களின் நிலைப்பாடு.

மஜ்னூனையும் மஃதூஹையும் பிரித்த முறையும் சிந்தனைக்குரியது. மஃதூஹ் என்பவர் புரிதல் குறைந்தவர், பேச்சில் குழப்பம் உடையவர், காரியங்களைத் திட்டமிட இயலாதவர். ஆனால் மஜ்னூனைப் போல் அடிப்பதோ ஏசுவதோ அவரிடம் இராது. கொடுக்கல் வாங்கலில் அவருக்கு விவரம் தெரிந்த சிறுவரின் தகுதி உண்டு; முற்றிலும் தகுதியற்றவராக அவரை ஒதுக்கிவிடவில்லை. ஜுனூனிலும் விடாது தொடர்வது முத்பிக், விட்டுவிட்டு வருவது முதகத்திஃ என்ற பிரிவு உண்டு. இடையே அறிவு தெளியும் நேரம் 'இஃபாகா'. அந்நேரத்தில் அவர் செய்யும் விற்பனையும் திருமணமும் வஸிய்யத்தும் மற்ற எவருடையதையும் போலச் செல்லும்.

நீடித்த ஜுனூன் என்பதற்கு ஹனஃபிகள் வைத்த கால அளவைப் பாருங்கள். தொழுகைக்கு ஒரு பகல் ஓர் இரவை மிஞ்சியிருக்க வேண்டும்; நோன்புக்கு ரமளான் மாதம் முழுவதும்; ஸகாத்துக்கு ஓர் ஆண்டு. ஒரே மனிதர், ஒரே நோய். ஆனால் வினாவுக்கு வினா அளவு மாறுகிறது. ஷாஃபிஈ மத்ஹபினரோ இந்தக் கால அளவைப் பார்ப்பதில்லை. தானாக வந்த ஜுனூனில் தவறிய தொழுகைக்கும் நோன்புக்கும் களா இல்லை என்பது அவர்களுடைய சட்டம். இரு மத்ஹபினருமே நோயின் காரணத்தைத் துருவவில்லை. ஹனஃபிகள் அறிகுறியையும் காலத்தையும் மட்டுமே கணக்கில் கொண்டார்கள். இதை நாம் நினைவில் வைத்துக்கொண்டால், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் எடுத்த முடிவு ஒன்று நமக்கு அவ்வளவு புதிதாகத் தோன்றாது.

அரபுக் கல்லூரிகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் வரும் வினாக்களில் ஒன்று: "கணவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் சொன்ன தலாக் செல்லுமா?" இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிடுவோர் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு. பதற்ற நோய்க்கு மருந்துண்பவருடைய அறிவு மறைந்திருப்பதில்லை. இருதுருவ மனநோய் உடையவர் கிளர்ச்சி முற்றிய நாளில் சொன்னதும், தெளிந்திருந்த மாதத்தில் சொன்னதும் ஒன்றாகா. மனச்சிதைவு நோயாளி, மனைவி தமக்கு நஞ்சு வைப்பதாகக் குரல்கள் சொல்லக் கேட்டு அந்நம்பிக்கையில் சொன்னது வேறு. அல்லாமா இப்னு ஆபிதீன் ஷாமீ (மறைவு ஹி. 1252 / கி.பி. 1836) கடுங்கோபத்தில் நிலைகுலைந்தவரின் தலாக்கைப் பேசும் இடத்தில், அவருடைய சொல்லிலும் செயலிலும் குழப்பம் மேலோங்கியிருந்ததா என்பதையே அளவுகோலாக வைக்கிறார்கள். நோயின் பெயரைக் கேட்பதோடு முஃப்தியின் வேலை முடிவதில்லை. சொன்ன நேரத்தில் இருந்த நிலையைக் கேட்க வேண்டும். அதை அறிந்து சொல்ல மருத்துவர் வேண்டும்.

1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண விடுவிப்புச் சட்டம், கணவர் இரண்டு ஆண்டுகள் சித்தசுவாதீனமின்றி இருந்தால் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்கிறது. மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் மாலிக்கி மத்ஹபிலிருந்து தீர்வுகளை எடுத்துத் தொகுத்த முயற்சி அச்சட்டத்துக்கு வழிவகுத்தது. அங்கும் கேட்கப்படுவது நோயின் பெயரன்று, நிலையும் காலமுமே.

தபீபின் அளவுகோல்

மருத்துவர்களின் பாதை வேறு. கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், மெலங்கோலியாவை மூன்றாகப் பிரித்தார். மூளையில் மட்டும் நிற்பது, உடல் முழுதும் பரவியது, வயிற்றின் மேற்பகுதியிலிருந்து எழுந்து மூளையைத் தாக்குவது. மூன்றாவது வகையை அரபு மருத்துவர்கள் 'மராக்கிய்யா' என்றார்கள். பக்தாதிலிருந்து கைரவானுக்குச் சென்று மருத்துவம் பார்த்த இஸ்ஹாக் இப்னு இம்ரான், மாலிகூலியாவுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் என்னும் ஆப்பிரிக்கத் துறவி அதை இலத்தீனில் தந்தார். ஐரோப்பா நீண்ட காலம் அதைக்கொண்டே இந்நோயைக் கற்றது. அன்புக் குழந்தையை இழந்த துயரத்தோடு, மீண்டும் திரட்ட முடியாத நூலகத்தை இழந்த துயரத்தையும் அந்நோயின் காரணங்களுள் ஒன்றாக அவர் எழுதியிருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்றுதான் மேலே படிப்பார்கள்.

இப்னு ஸீனா (கி.பி. 980 - 1037) 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பாகத்தில் தலையின் நோய்களை விரிவாகப் பேசுகிறார். மூளைக்காய்ச்சலால் வரும் பிதற்றல், மாலிகூலியா, மேனியா, இரவில் மையவாடிகளில் அலையவைக்கும் குத்ருப், காதல் நோய் ஆகியன அதில் வரிசையாக வருகின்றன. மாலிகூலியாவைப் பேசும்போது அவர் ஜின் குறித்தும் ஒரு சொல் சொல்கிறார். மருத்துவர்களில் சிலர் இதனை ஜின்னால் விளைவது எனக் கருதுகிறார்கள்; மருத்துவம் பயிலும் நமக்கு அது ஜின்னாலா இல்லையா என்பது பொருட்டில்லை; ஜின்னாலேயே என்றாலும் அது உடலின் தன்மையைக் கரும்பித்தமாக மாற்றித்தான் நோயை உண்டாக்கும், ஆகவே அண்மைக் காரணம் கரும்பித்தமே; அதற்கப்பால் உள்ள காரணம் எதுவாகவும் இருக்கட்டும் என்பது அவர் கூற்றின் சாரம். ஜின்னை அவர் இங்கே மறுக்கவும் இல்லை, நிறுவவும் இல்லை. எந்த வினா எந்தத் துறைக்குரியது என்று எல்லை கட்டினார். நம் ஊர்களில் இவ்விவாதம் எழும்போதெல்லாம், ஜின்னை நம்புகிறவர் மருத்துவத்தை மறுக்க வேண்டும் என்பது போலவும், மருத்துவத்தை ஏற்கிறவர் ஈமானில் குறைந்தவர் போலவும் பேசப்படுகிறது. ஹாஃபிள் இப்னுல் கய்யிம் (மறைவு ஹி. 751 / கி.பி. 1350) வலிப்பு நோயை ஜின்களால் வருவது, உடலின் நீர்களால் வருவது என இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். தீண்டலில் உறுதியான நம்பிக்கை கொண்ட அவர்களே இரண்டாவது வகையை மருத்துவர்களுக்குரியது என ஒப்புக்கொண்டார்கள்.

இத்துறையில் நாம் தனியே நின்று பேச வேண்டியவர் அபூ ஸைத் பல்கீ. ஹி. 235இல் பல்கு வட்டாரத்தில் பிறந்து, பக்தாதில் அல்கிந்தியிடம் பயின்று, ஹி. 322இல் (கி.பி. 934) மறைந்தவர். அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூல் உடல்நலத்துக்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்துக்கு ஒரு பகுதியுமாக அமைந்தது. இரண்டாம் பகுதியின் எட்டு அத்தியாயங்களில் இறுதி நான்கும் நான்கு கோளாறுகளுக்கு உரியவை: கோபம், அச்சமும் திகிலும், துயரமும் ஆற்றாமையும், நெஞ்சில் ஓயாது எழும் வஸ்வாஸ். உடல்நோய் இல்லாமல் பல காலம் இருந்துவிடுவோர் உண்டு. உள்ளத்தின் கோளாறுகளோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்கிறார். இவ்வாறு சொன்னதன் மூலம் உள்ளத்தின் நோயை ஒரு தனி இனத்தாரின் இழிவு என்ற நிலையிலிருந்து அகற்றி, எல்லா மனிதருக்கும் அளவு வேறுபாட்டோடு நேர்வதாக ஆக்கினார். 

துயரத்தை அவர் இரண்டாகப் பிரித்தது மிக முக்கியமானது. காரணம் தெரிந்த துயரம் ஒன்று. அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது. காரணம் இன்னதென்று அறியப்படாத துயரம் மற்றொன்று. எந்நேரமும் நெஞ்சை அழுத்தி, மகிழ்ச்சிகளில் எதையும் சுவைக்கவிடாதது. இரண்டாவதன் வேர் உடலில், இரத்தத்தின் தன்மையில் இருக்கிறது, ஆதலால் அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்கிறார். முதலாவதற்குச் சிந்தனையைத் திருத்தும் அறிவுரை மருந்தாகும். வஸ்வாஸுக்கு ஆளானவர் தனிமையைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான வழிகாட்டல்.

இந்நூல் இஸ்தான்பூலின் அயா ஸோஃபியா நூலகச் சுவடியாக உறங்கிக் கிடந்தது. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் அதன் நிழற்படப் பதிப்பை ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி (மறைவு 2021) உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்ட பின்னரே பலரும் அறிந்தார்கள். இன்றைய உளவியல் முழுவதும் பல்கீயிடமிருந்து வந்தது போல மேடைகளில் பேசுவோரை அவ்வப்போது கேட்கிறோம். அப்படியில்லை. ஐரோப்பியர் அவரைப் படிக்கவில்லை. நாமும் ஆயிரம் ஆண்டுகள் அவரைப் படிக்கவில்லை என்பதே உண்மை. பெருமை பேசும் அவசரத்தில் பெயர்களே உருமாறிப் போவதும் உண்டு. ஒன்பது வகை மனநோய்களை வகுத்தவர் என 'நஜபுத்தீன் உன்ஹம்மத்' என்றொரு பெயர் ஆங்கிலக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 'உன்ஹம்மத்' என்பது அரபுப் பெயரே இல்லை. ஹி. 619இல் தாத்தாரியர் ஹெராத்தைச் சூறையாடியபோது கொல்லப்பட்ட நஜீபுத்தீன் முஹம்மத் ஸமர்கந்தியின் பெயரே எவரோ படியெடுக்கையில் இவ்வாறு திரிந்திருக்க வேண்டும். அவருடைய 'அல்அஸ்பாப் வல் அலாமாத்' நூலுக்கு நஃபீஸ் கிர்மானி எழுதிய விரிவுரை இந்திய யூனானி மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

அண்மைக்காலப் பட்டியல்கள்

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் செடிகொடிகளை வகைப்படுத்திய வேட்கை நோய்களின் பக்கமும் திரும்பியது. பாரிஸில் பினெல் 1801இல் வெளியிட்ட நூலில் மெலங்கோலியா, மேனியா, அறிவுச் சிதைவு, அறிவின்மை என நான்கே பிரிவுகள். ஜெர்மானியரான கிரேப்பெலின் (1856 - 1926) ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, நோய் எப்படித் தொடங்கியது என்பதோடு எப்படி முடிந்தது என்பதையும் ஆண்டுக்கணக்கில் குறித்தார். 1899இல் அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பில், சிதைந்துகொண்டே போகும் நோய் வேறு, வந்து வந்து தெளியும் நோய் வேறு என்ற பெரும் பிரிவு உறுதிபெற்றது. முன்னதற்கே புளூலர் பின்னர் 'ஸ்கிசோஃப்ரீனியா' எனப் பெயரிட்டார். தம் வகைகள் எல்லா மக்களுக்கும் பொருந்துமா என்று காண, 1904இல் கிரேப்பெலின் முஸ்லிம்கள் மிகுந்த ஜாவா தீவுக்குச் சென்றார். மனச்சோர்வு கொண்ட அங்குள்ள நோயாளிகளிடம் ஐரோப்பியரிடம் காணும் பாவ உணர்வு மிக அரிதாக இருந்தது அவருக்கு வியப்பளித்தது. 

காரணம் கண்டறியப்பட்ட நோய் இப்பட்டியலிலிருந்து மெல்ல வெளியேறிவிடும் என்பது இத்துறையின் விந்தை. பித்தும் வாதமும் கலந்து வந்து மனநோய் விடுதிகளை நிரப்பிய ஒரு நோய், சிபிலிஸ் கிருமியால் வருவது என 1913இல் நோகுச்சியின் ஆய்வில் மூளைத்திசுவிலேயே நிறுவப்பட்டது. இன்று அது தொற்றுநோய். காக்கை வலிப்பு நரம்பியலுக்குப் போய்விட்டது. வலிப்பு நோய் கொண்ட கறுப்பினப் பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆச் செய்யக் கோரி வந்தபோது, பொறுமை காத்தால் சுவனம் என்ற நற்செய்தி பெற்றார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் பின்னர் கேட்டது. அவரை எவரும் மஜ்னூன் எனப் பதிவுசெய்யவில்லை.

எஞ்சியவற்றுக்குக் காரணம் தெரியாத நிலையில், மருத்துவர்கள் தமக்குள்ளேயே முரண்பட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் நியூயார்க் மருத்துவர்களும் இலண்டன் மருத்துவர்களும் ஒப்பிடப்பட்டபோது, ஒரே வகை நோயாளிகளை நியூயார்க்கில் மனச்சிதைவு எனவும் இலண்டனில் மனச்சோர்வு அல்லது கிளர்ச்சி நோய் எனவும் பெயரிட்டது வெளிப்பட்டது. அட்லாண்டிக் கடலைக் கடந்தால் நோய் மாறிவிடும் என்றானது. ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வெளிவந்த அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, அதாவது டி.எஸ்.எம். 3, இதற்குத் தீர்வாகக் காரணத்தைப் பேசுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டது. இன்னின்ன அறிகுறிகளில் இத்தனை, இவ்வளவு காலம் என்று கணக்கிடச் சொன்னது. மனச்சோர்வுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அறிகுறிகள், இரண்டு வாரங்கள். நம் ஃபகீஹ்கள் ஒரு பகல் ஓர் இரவு என்றும், ஒரு மாதம் என்றும் வரையறுத்த முறைக்கு மருத்துவர்களும் இவ்வழியே வந்து சேர்ந்தார்கள். மருத்துவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதற்கு இது உதவியது. அவர்கள் ஒத்துக்கொண்ட பெயருக்குப் பின்னால் உண்மையில் ஒரே நோய் உண்டா என்பது வேறு வினா. அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத் தலைவராக இருந்த தாமஸ் இன்செல், 2013இல் ஐந்தாம் பதிப்பு வெளிவரும் வேளையில் இக்குறையை வெளிப்படையாகவே எழுதினார். 1952இல் ஏறத்தாழ 130 பக்கங்களாக இருந்த கையேடு, 2013இல் 947 பக்கங்களாகியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலான ஐ.சி.டி. 11ஆம் திருத்தம் 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பெயர் ஆயுதமாகும்போது

குறைஷித் தலைவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்களை மஜ்னூன் என்றார்கள். அவர்களுடைய நாணயத்தையும் நிதானத்தையும் நாற்பது ஆண்டுகள் கண்டவர்கள்தாம் அப்படிச் சொன்னார்கள். 'அல்கலம்' அத்தியாயத்தின் தொடக்கமே இதற்கு மறுப்பாக அமைந்தது. முன்சென்ற தூதர்கள் ஒவ்வொருவரும் சூனியக்காரர் என்றோ மஜ்னூன் என்றோ அழைக்கப்பட்டதாக 'அத்தாரியாத்' அத்தியாயம் கூறுகிறது. ஒருவர் சொல்வதைக் கேட்காமலிருக்க மிக எளிய வழி, அவர் அறிவு மறைந்தவர் என்று சொல்லிவிடுவது. 

இந்த வழி மருத்துவ உடையிலும் வந்தது. 1851இல் அமெரிக்கத் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எசமானரை விட்டுத் தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்னும் மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலை வேட்கைக்கு நோயென்று பெயர்! சோவியத் ஒன்றியத்தில் ஸ்னெஷ்னெவ்ஸ்கியின் வழிவந்த மருத்துவர்கள் 'மந்தகதி மனச்சிதைவு' என்றொரு வகையைக் கையாண்டு, ஆட்சியை எதிர்த்தவர்களை மனநோய் விடுதிகளில் அடைத்தார்கள். கண்டனம் வலுத்து, 1983இல் சோவியத் மருத்துவர் சங்கம் உலக மனநல மருத்துவக் கழகத்திலிருந்து தானே விலகியது.

நம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பெயரே பைத்தியச் சட்டம். அறிவிலியோ சித்தசுவாதீனமற்றவரோ பைத்தியம் எனப்படுவார் என்பதோடு அதன் வரையறை முடிந்தது. ஸஆலிபியின் ஏணி நினைவுக்கு வருகிறதல்லவா! 1987ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் வேறு நிலையில் நிற்கிறது. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு முதலியவற்றில் ஏற்பட்ட பெரும் கோளாறு ஒருவருடைய தீர்மானத்தையோ நடத்தையையோ வெகுவாகக் குலைத்தால் அது மனநோய் என்கிறது. ஐ.சி.டி. போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோலின்படியே தீர்மானிக்க வேண்டும். அரசியல், பொருளாதார, சமூக நிலை அல்லது மதம், இனம் காரணமாக எவரையும் மனநோயாளி என்று கொள்ளக் கூடாது. சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளோடு ஒத்துப்போகாமையும் காரணமாகாது. மனநோய் என்று மருத்துவர் தீர்மானித்ததாலேயே ஒருவர் சட்டப்படி சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார், அதை நீதிமன்றமே சொல்ல வேண்டும் என்ற விதியும் மூன்றாம் பிரிவில் உண்டு. மருத்துவரின் வினாவையும் காழியின் வினாவையும் இச்சட்டம் பிரித்துவிட்டது. அவாரிள் பாடம் நடத்தும் எந்த உஸ்தாதுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது.

அச்சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் தடைசெய்கிறது. ஏன் என்பதை நம் சமுதாயத்துக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். புனிதத் தலத்தை நாடி உறவினர் கொண்டுவந்து விட்ட அந்த மனிதர்களுள் யாருக்கு மருந்தால் தெளியும் நோய், யாருக்குப் பிறவியிலேயே வளர்ச்சிக் குறை என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு உரிமமற்ற அவ்விடுதிகளில் இல்லை. ஃபிக்ஹு நூல்களில் மஜ்னூனும் மஃதூஹும் வெவ்வேறு பக்கங்களில் இருந்தார்கள். கொட்டகையில் ஒரே சங்கிலியில் இருந்தார்கள். குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008 முதல் 'தவாவும் துஆவும்' என்ற பெயரில், ஓதிப்பார்க்க வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவரும் அமர்ந்து மருந்து தரும் முறை நடைபெற்றது. பின்னர் ஏர்வாடியிலும் அத்தகைய ஏற்பாடு வந்தது. இப்னு ஸீனா கட்டிய எல்லைக்கு இது உகந்த முறை என்றே நாம் கருதுகிறோம்.

ஜின் தீண்டல் என்று சொல்லப்படும் நிலைக்கு ஐ.சி.டி. 11இலும் ஓர் இடம் இருக்கிறது. தம்மை வேறோர் ஆற்றல் ஆட்கொண்டதாக உணர்ந்து அதற்கேற்ப நடப்பது, அவர் விரும்பாமல் நேர்ந்து, அவருடைய மக்களின் சமய வழக்கத்துக்கும் உட்படாமல், துன்பத்தை விளைவித்தால்தான் நோயாகும் என்று அது எழுதுகிறது. ஜின் உண்டா இல்லையா என்ற வினாவுக்குள் அது நுழையவில்லை.

துயரம் எப்போது நோயாகிறது?

பல்கீ தொட்ட இடத்துக்கே அண்மையில் உலகம் மீண்டும் வந்திருக்கிறது. நெருங்கியவரை இழந்த துயரத்தை மனச்சோர்வு நோயாகக் கணக்கிடலாகாது என்ற விதிவிலக்கு அமெரிக்கக் கையேட்டில் முன்பு இருந்தது. நான்காம் பதிப்பில் அதற்கு இரண்டு மாத வரம்பு. 2013இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. அடக்கம் முடிந்து இரண்டு வாரங்களே ஆன தாய்க்கும் நோய்ப்பெயர் சூட்டலாமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே பெரும் வாதம் எழுந்தது. ஆற்றாமல் நீளும் துயரத்தைத் தனி நோயாக ஐ.சி.டி. 11 ஏற்று, குறைந்தது ஆறு மாதம் என்று வைத்தது. 2022இல் வந்த அமெரிக்கத் திருத்தம் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்றது. இரண்டுமே, துயரம் அவரவர் பண்பாட்டு, சமய வழக்கின் அளவை மிஞ்சியிருக்க வேண்டும் என்கின்றன.

நம் வழக்கின் அளவு தெளிவானது. உறவினருக்காகத் துக்கம் காப்பது மூன்று நாள்கள். கணவரை இழந்தவருக்கு நான்கு மாதமும் பத்து நாளும். ஆனால் இவை வெளிப்படையான துக்க அனுசரிப்பின் எல்லைகள். உள்ளத்தின் வேதனைக்கு நாள் குறிக்கப்படவில்லை. யஃகூப் (அலை) அவர்கள் யூஸுஃப் (அலை) அவர்களை எண்ணிப் பல ஆண்டுகள் அழுது கண்கள் வெளுத்துப்போனார்கள்; திருக்குர்ஆன் அதை நோயென்றும் சொல்லவில்லை, பொறுமையின்மை என்றும் சொல்லவில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்ராஹீமின் மறைவில் கண்ணீர் வடித்தார்கள். ஆகவே இத்தாவில் இருக்கும் பெண் வீட்டுக்குள் அடங்கியிருப்பதையும் அலங்காரம் தவிர்ப்பதையும் நம் வழக்கம் அறியாத மருத்துவர் நோயின் அறிகுறியாக எண்ணிவிடக் கூடாது. மறுபுறம், சபூர் செய் என்ற ஒரே சொல்லால், உண்ணவும் உறங்கவும் இயலாமல் சாவை நாடும் பெண்ணின் நிலையைக் குடும்பத்தார் மூடி மறைத்துவிடுகிறார்கள். பல்கீயின் வினா இங்கேதான் பயன்படுகிறது: இவருடைய துயரம் இழந்தவரைப் பற்றியதாகவே இன்னும் இருக்கிறதா, அல்லது காரணத்தை விட்டு நீங்கி உடலில் இறங்கிவிட்டதா?

நான்கு மாதம் பத்து நாள் சந்திரக் கணக்கில் ஏறத்தாழ 128 நாள்கள். ஐ.சி.டி. வைத்த ஆறு மாத அளவு அதற்குப் பின்னும் ஐம்பது நாள்களுக்குமேல் கழித்தே நிறைவடையும். மருத்துவரும் இன்னும் பெயரிடாத, மார்க்கத்தின் துக்க அனுசரிப்பும் முடிந்துவிட்ட நாள்கள் அவை. இத்தா முடிந்த மறுநாளே உறவுப் பெண்களின் வருகை நின்றுவிடுவதும் நம் ஊர்களில் வழக்கமாயிருக்கிறது.